நீர்நாய் இல்லை

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற ஆய்வாளனுக்குக் கோபம் இல்லாவிட்டால் ஊரில் ஒரு கிலோ ஒரு கிலோவாக இருக்காது. வருடத்துக்கு ஒருமுறை கடை கடையாகப் போவேன். மரப்பெட்டிக்குள் துணி மெத்தையில் படுத்திருக்கும் என் படிக்கற்களை இடுக்கியால் எடுத்துத் தட்டின் நடுவில் ஒருமுறையும் நான்கு மூலைகளில் ஒவ்வொரு முறையும் வைத்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால் கம்பியைக் கோத்து, ஈய வில்லையைக் குறட்டால் நசுக்கி முத்திரை பதிப்பேன். சரியாக இல்லாவிட்டால் என் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. மீன்கடைக்காரர் ஒருவர் தட்டின் அடியில் சூயிங்கத்தை ஒட்டி வைத்திருந்தார். கேட்டால், "காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிச்சு சார்" என்றார். அந்தச் சூயிங்கத்தை அவர் கையாலேயே சுரண்டி எடுக்க வைத்தேன்.

சந்தையில் எனக்குப் 'படிக்கல்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படிப்பட்ட நான் ஒரு பொய்யை எழுதினேன். அதுவும் என் மகளின் கணக்கில்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் யாரும் வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு நாங்கள் சரணாலயத்துக்குப் போவோம். நாங்கள் என்றால் நான், என் மனைவி, பதினொரு வயது மகள், அப்புறம் என் மச்சான். மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். "வாரம் ஆறு நாள் ஓட்டறேன், ஏழாவது நாளும் ஸ்டீயரிங்கைத் தொடுன்னா தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டதால் ஏழு பத்து பேருந்தில்தான் பயணம். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வழி நெடுக ஓட்டுநரைக் குறை சொல்லிக்கொண்டே வருவாள். "இவன் பிரேக்கை மிதிக்கிறானா, கரப்பான்பூச்சியை மிதிக்கிறானா?" மச்சான் அவளுடைய தம்பி. ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. அதிகாலையிலேயே எழுந்து பழகிய உடம்பு, எங்கே உட்கார வைத்தாலும் தூங்கிவிடும். எங்களுக்குச் சூடான ரொட்டி கொண்டுவருவது அவன் பொறுப்பு, மற்றபடி அவனால் ஆகிற காரியம் ஒன்றுமில்லை.

சரணாலய வாசலிலிருந்து ஏரி வரை மூன்றரை கிலோமீட்டர் நடை. முதலில் வேர்களே படிகளாகிப் போன ஏற்றம், அப்புறம் இரண்டு மரப்பாலங்கள், அதன் பிறகு நாணல் காடு. மரங்களில் மஞ்சள் அம்புக்குறி போட்டிருப்பார்கள். கடைசியில் ஏரிக்கரையில் பறவை பார்ப்பதற்கென்று ஒரு மரக்குடில். நீளமான ஒரு பலகை, கண் மட்டத்தில் நீளமான ஒரு திறப்பு, ஓரத்தில் சங்கிலி போட்ட பேனாவுடன் ஒரு பெரிய பதிவேடு. யார் வேண்டுமானாலும் தேதி, பெயர், முகவரி போட்டு, என்ன பார்த்தோம் என்று எழுதலாம்.

என் மகள் எட்டு வயதில் அந்தப் பதிவேட்டில் எழுத ஆரம்பித்தாள். மனைவியால் கால அட்டவணை இல்லாமல் உட்கார முடியாது, அதனால் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பி" என்பாள். சரியாக நாற்பது நிமிடம். நீர்க்காகம் எத்தனை, முக்குளிப்பான் எத்தனை, நாரை எத்தனை என்று மகள் எண்ணுவாள். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் இரண்டு முறை எண்ணச் சொன்னேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் குறைந்ததை எழுது என்றேன். முதலில் தன் நோட்டில் எழுதுவாள், பிறகு அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவாள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: நீர்நாய் இல்லை.

அதற்கும் காரணம் இருக்கிறது. சரணாலய வாசலில் பெரிய பலகை ஒன்றில் நீர்நாய் படம் வரைந்திருக்கிறது. மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும். முதல் நாளே அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று மகள் அடம்பிடித்தாள். ஏரி அழுக்காகி ஒன்பது வருடங்களுக்கு முன்பே அவை போய்விட்டன என்று வாசல்காரர் சொன்னார். சரி, திரும்பி வந்தால் தெரிய வேண்டாமா என்று அவளாகவே அந்தக் கடைசி வரியை வைத்துக்கொண்டாள். மச்சான் ஒவ்வொரு முறையும் பலகையில் படுத்துத் தூங்கிவிட்டு, "மருமகளே, நான் கண்ணை மூடியிருந்தப்ப ரெண்டு நீர்நாய் இந்தப் பக்கமாப் போச்சு, குட்டியோட" என்பான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

முப்பத்து நான்காவது முறை போனபோது குடிலில் வேறு ஒருவர் இருந்தார். கழுத்தில் ஒரு கேமரா, கையில் ஒரு கேமரா. இரண்டும் சேர்ந்து என் மச்சானின் மாவு மூட்டை அளவுக்கு இருக்கும். பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் என் மகளின் பக்கங்களில் நின்றார். உரக்கப் படித்தார். "நீர்நாய் இல்லை. நீர்நாய் இல்லை. நீர்நாய் இல்லை. இது யாரு, பாப்பா, நீயா? இல்லாததுக்கெல்லாம் ஒரு கணக்கா? டைனோசரும்தான் இல்லை, அதையும் எழுதிடு!" என்று சிரித்தார். பிறகு 'கழுகு 7' என்று எழுதி, கீழே கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

ஏழு கழுகாம். நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடமும் வானத்தில் ஒரு கழுகும் இல்லை.

மகள் தன் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. மனைவி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பேருந்து ஓட்டுகிற கை, லேசில் விடாது. மகள் பதிவேட்டில் வரிசையாக எழுதி, கடைசியில் 'நீர்நாய்' என்று எழுதியிருந்தபோது, அதற்குள் வெளியே போயிருந்த மனைவி, "பாப்பா, உன் தண்ணி பாட்டில் எங்கே?" என்று கூப்பிட்டாள். மகள் பேனாவை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

குடிலில் நான் மட்டும் இருந்தேன். தூங்கிக்கொண்டிருந்த மச்சானைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். என் பெண்ணைப் பார்த்து ஒருவன் சிரித்துவிட்டுப் போகிறான், இவளுடைய கணக்கில் சிரிக்காமல் பார்க்கிற மாதிரி ஒன்று இருந்தால் என்ன? யார் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்? 'நீர்நாய்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் '2, குட்டி 1' என்று எழுதினேன். பக்கத்தைப் புரட்டி மூடியும் வைத்துவிட்டேன். மகள் திரும்பி வந்ததும், "எழுதியாச்சு இல்ல, வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. என் மகள் பெயருக்கு, அவள் வாழ்க்கையில் வந்த முதல் கடிதம். சரணாலய அலுவலர் எழுதியிருந்தார். மூன்று வருடங்களாக ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அளவு நேரம் உட்கார்ந்து எண்ணிய பதிவு அந்த ஏட்டில் இது ஒன்றுதானாம். ஏரியைச் சுத்தம் செய்த பிறகு பறவைகள் கூடினவா குறைந்தனவா என்று பார்க்க அவர்களுக்கு வேறு கணக்கே இல்லையாம். அதை அட்டவணையாக்கி அவள் பெயரோடு குடிலின் சுவரில் வைக்கப் போகிறார்கள். அவள் கண்ட நீர்நாய்களுக்காக வடகரைப் பாதையையும் மூடிவிட்டார்கள். வரும் முதல் ஞாயிறு பத்தரை மணிக்குக் குடும்பத்தோடு வர வேண்டும்.

மச்சான் கடிதத்தை மூன்று முறை படித்தான். "அத்தான், காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு நீங்க பீத்திக்கிறப்ப எல்லாம் சிரிச்சேன். இது நெஜமாவே பொன் குஞ்சுதான்!" என்று அவளைத் தூக்கிச் சுற்றினான். அவள் கீழே இறங்கியதும் கடிதத்தை வாங்கி அந்த ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"நான் நீர்நாயைப் பார்க்கலையே."

நான் கடிதம் வந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

தன் நோட்டை எடுத்து வந்து பார்த்தாள். 'நீர்நாய் இல்லை' என்று தெளிவாக இருந்தது. "அப்படின்னா அங்க எழுதறப்ப நான்தான் ஏதோ தப்பா எழுதிட்டேன். அந்த மாமா சிரிச்சதும் எனக்குக் கை நடுங்கிச்சு. நீர்நாய்னு எழுதினது ஞாபகம் இருக்கு, இல்லைன்னு எழுதினது ஞாபகமே இல்லைப்பா" என்றாள். அப்புறம் இன்னும் மெதுவாக, "ஒண்ணுல தப்புன்னா மத்ததுலயும் தப்பு பண்ணியிருப்பேனோ?" என்றாள்.

அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஊரையெல்லாம் அதட்டுகிற வாய், பதினொரு வயதுப் பெண் முன்னால் ஒட்டிக்கொண்டது. அவள் கண்ணில் நான் படிக்கல். அந்தக் கல் பொய் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் உண்மை, வேறு சாக்கு ஒன்றும் கிடையாது.

அடுத்த இரண்டு வாரமும் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னலில் நின்று தெருவில் போகிற வண்டிகளை எண்ணினாள். இரண்டு முறை எண்ணி, இரண்டும் ஒன்றா என்று பார்த்தாள். தன் கண் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறாளாம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவி கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏங்க, டிக்கெட் எடுக்காம ஏறினவன் முழிக்கிற மாதிரி முழிக்கிறீங்க. என்ன பண்ணீங்க?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடித்த சட்டையை வைத்துவிட்டு, "அவ மூணு வருஷமா உங்களைப் பார்த்துத்தான் எண்ணிக்கிட்டிருக்கா. நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும். ஞாயித்துக்கிழமை குடிலுக்குப் போறதுக்குள்ள" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேருந்தில் மனைவி ஓட்டுநரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசல் பலகையின் பக்கத்தில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்: நீர்நாய் நடமாட்டம், வடகரைப் பாதை மூடப்பட்டுள்ளது. பலகையில் இருந்த நீர்நாய் என்னைப் பார்த்துச் சிரித்தது. எங்கள் கல்யாணத்துக்கு வந்தது போதாதென்று என் மானத்தை வாங்கவும் வந்திருக்கிறது.

பாதையில் மூன்று இடங்களில் உட்கார பெஞ்சு உண்டு. முதல் பெஞ்சில் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். "பாப்பா..." என்று ஆரம்பித்தபோது மச்சான் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, "அத்தான், சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க, உபதேசம் எங்க ஓடிடப் போகுது" என்று என் வாயில் ஒரு துண்டைத் திணித்தான். இரண்டாவது பெஞ்சில் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். என் தப்பை நானே சொல்லிடறேன். கடைக்காரங்க தானா ஒத்துக்கிட்டா அதுதான் நல்லதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தலையை ஆட்டினேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவள் எழுந்து நடந்தாள். மனைவி என்னைக் கடந்து போகும்போது, "இன்னும் ஒரு பெஞ்சுதான் இருக்கு" என்றாள். மூன்றாவது பெஞ்சில் யாரோ ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. நிற்காமல் நடந்தோம்.

குடிலில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். கேமராக்காரரும் இருந்தார். சரணாலய அலுவலர் ஐம்பது வயதுப் பெண்மணி. முழங்கால் வரை சேறு படிந்த பூட்ஸ், சட்டைப் பையில் நான்கு பேனா. சுவரில் ஒரு பெரிய தாளைத் தொங்கவிட்டிருந்தார். முப்பத்து நான்கு புள்ளிகள், அவற்றை இணைத்து ஒரு கோடு. முக்குளிப்பான் நான்கிலிருந்து ஆரம்பித்து இருபத்தொன்பது வரை ஏறியிருந்தது. தாளின் மேலே என் மகள் பெயர், அச்செழுத்தில். பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. அடுத்த நிமிடமே வெட்கம் வந்து அந்தப் பெருமையின் கழுத்தைப் பிடித்தது.

"இந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் இந்தப் பொண்ணு எண்ணினது. கடைசியா, பன்னெண்டு வருஷத்துக்கு அப்புறம்..." என்று அலுவலர் ஆரம்பித்தபோது மகள் எழுந்து நின்றாள். கையில் நோட்டு.

"மேடம், நான் நீர்நாயைப் பார்க்கலை. என் நோட்டுல இல்லைன்னுதான் இருக்கு. இதுல எழுதறப்ப நான் தப்பு பண்ணிட்டேன்." நோட்டைத் திறந்து நீட்டினாள். "மத்ததுலயும் தப்பு இருக்கலாம் மேடம். இந்தத் தாளை எடுத்துடுங்க."

"இரு பாப்பா!"

நான் போட்ட சத்தத்தில் ஏரியில் இருந்த நாரையெல்லாம் கிளம்பிப் பறந்தது. மச்சான்கூட முழித்துக்கொண்டான்.

"அவ தப்பு பண்ணலை. அதை எழுதினது நான். நீர்நாய்ங்கிற வார்த்தை அவ எழுதினது. ரெண்டு, குட்டி ஒண்ணுன்னு எழுதினது நான். அவ பாட்டில் எடுக்கப் போன நேரத்துல எழுதினேன். அவளுக்குத் தெரியாது. ஒருத்தர் அவளைப் பார்த்துச் சிரிச்சார், எனக்குப் பொறுக்கலை. இப்ப அவ தன் கண்ணையே சந்தேகப்படறா. அது என்னால."

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன். அது என்னோடு இருக்கட்டும்.

அலுவலர் பதிவேட்டைத் திறந்து அந்த வரியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "எழுத்து வேறதான்" என்றார். பிறகு என்னைக் கேட்டார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

எந்த வேலையைச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு கூச்சம் இருந்திருக்காது. "தராசு சோதிச்சு முத்திரை வைக்கிற ஆய்வாளர்" என்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. ஒரு கடையில பத்துப் படிக்கல் இருக்கு, ஒண்ணு பொய்னு தெரியுது. என்ன பண்ணுவீங்க?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த ஏரியில் இத்தனை தவளைகள் இருக்க, கெட்டது என்னவோ நான்தான். "பத்தையும் நிராகரிப்பேன்" என்றேன்.

"நானும் அதைத்தான் பண்ணணும். எது நெஜம், எதுல உங்க கை பட்டிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அலுவலர் தாளின் பக்கம் திரும்பினார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் நாலு வசவு சேர்த்து.

தாளின் ஒரு மூலையை அவர் கழற்றிவிட்டார். மூன்று வருடம், முப்பத்து நான்கு ஞாயிறு, வேர்ப்படியில் ஏறி இறங்கிய குட்டிக் கால்கள். நான் தொழிலில் கற்ற ஒன்று அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"மேடம், நிராகரிச்சாலும் கடைக்காரருக்கு ஒரு உரிமை உண்டு. அளவு மாறாத மூலக் கல்லோட வச்சு மறுபடியும் சோதிக்கச் சொல்லலாம். மூலம் அவ கையில இருக்கு. அந்த நோட்டு. அவ பதிவேட்டுல எழுதறதுக்கு முன்னாடி அதுலதான் எழுதுவா. அதுல என் கை பட்டதே இல்லை."

அலுவலர் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார். "சரிபார்க்கலாமா?"

"பார்க்கலாம் மேடம்" என்றாள்.

இரண்டு பேரும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மகள் நோட்டைப் படித்தாள், அலுவலர் பதிவேட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். "நீர்க்காகம் மூணு." "மூணு." "நாரை ஒண்ணு." "ஒண்ணு." "தவளை சத்தம் மட்டும், பார்க்கலை." "பார்க்கலை." முதலில் அவள் குரல் நூல் மாதிரி இருந்தது. பத்தாவது ஞாயிறு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூட்டத்தில் சிலர் கிளம்பினார்கள், பலர் நின்றார்கள். பன்னிரண்டு ஐம்பது பேருந்துக்கு நாங்கள் பதினொன்றேகாலுக்கு நடக்க ஆரம்பித்திருக்க வேண்டும். வாழ்நாளில் எந்தப் பேருந்தையும் தவறவிடாத என் மனைவி, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பதினேழாவது ஞாயிற்றில் அலுவலர் நிறுத்தினார். "நோட்டுல முக்குளிப்பான் பத்து, பக்கத்துல ஒன்பதுன்னு ரெண்டு நம்பர் இருக்கு. இங்க ஒன்பதுதான் எழுதியிருக்கே. ஏன்?"

"முதல் தடவை பத்து வந்துச்சு. ரெண்டாவது தடவை ஒன்பது. ரெண்டும் ஒத்துவரலைன்னா குறைச்சலாத்தான் எழுதணும்."

"யார் சொன்னது?"

மகள் தலையைத் தூக்கவில்லை. "அப்பா" என்றாள்.

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓடி ஒளிய அந்தக் குடிலில் ஓரிடமும் இல்லை.

முப்பத்து மூன்று ஞாயிறும் வரிக்கு வரி ஒத்துப்போயின. முப்பத்து நான்காவதில் ஒரே ஒரு வரி தவிர மற்றதெல்லாம் சரி. அலுவலர் நோட்டை மூடி அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பார்த்ததை எழுத ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. முப்பத்து நாலு தடவை இல்லைன்னு எழுத ஒருத்தர்தான் இருக்காங்க. உண்மையில திரும்பி வர்ற அன்னிக்கு நான் நம்பப் போறது இவங்க எழுதறதைத்தான்" என்றார். பிறகு எழுந்து போய், கழற்றிய மூலையைத் தானே மறுபடி ஆணியில் மாட்டினார்.

மச்சான் கைதட்ட ஆரம்பித்தான், எல்லாரும் தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும், "மேடம், அப்படியே அந்த ஏழு கழுகையும் ஒரு தடவை சரிபார்த்துடுங்க" என்றான். கேமராக்காரர் லென்ஸைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார்.

அலுவலர் பதிவேட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். நான் எழுதியதை அடித்தேன். 'இது பொய். எழுதியவன் நான்' என்று எழுதி, தொழிலில் போடுகிற முழுக் கையெழுத்தைப் போட்டேன். வடகரைப் பாதையை அன்றைக்கே திறந்துவிட்டார்கள்.

திரும்பும்போது மகள் எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தாள். நான் பின்னாலேயே போனேன், கூப்பிடவில்லை. நடு பெஞ்சில் எனக்காக நின்றாள்.

"அவர் சிரிச்சா நான் எழுதினது பொய்யாயிடுமா அப்பா?"

"ஆகாதும்மா."

"அப்ப நீங்க ஏன் என்னை நம்பலை?"

நான் அவளை நம்பவில்லை என்று எனக்கே அதுவரை தெரியாது. தெருவெல்லாம் அவளைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன். ஆனால் அவள் எழுதிய 'இல்லை' போதாது, அதற்கு மேல் ஏதாவது வேண்டும் என்று நினைத்தவன் நான்தான். கேமராக்காரராவது வாய்விட்டுச் சிரித்தார்.

"தப்புதான் பாப்பா. பெரிய தப்பு. மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவள் திரும்பி முன்னால் நடந்தாள். வேர்ப்படி இறங்குகிற இடத்தில் மட்டும், வழக்கம்போல, என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாற்பது பேருந்தில் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் மனைவி ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே வந்தாள். காதுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

அடுத்த முதல் ஞாயிறு மறுபடியும் போனோம். சுவரில் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். அறிமுகமில்லாத ஒரு தம்பதி அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். "என் பொண்ணு" என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். ஆனால் மச்சான் சொல்லிவிட்டான்.

நாற்பது நிமிடம் முடிந்தது. மகள் நோட்டில் எழுதி, பதிவேட்டில் ஏற்றினாள். நீர்க்காகம் ஐந்து. நாரை இரண்டு. முக்குளிப்பான் முப்பது. அதோடு நிறுத்திவிட்டு, சங்கிலியோடு பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

"கடைசி வரி நீங்க எழுதுங்க."

"நானா?"

"பார்த்தீங்களா, இல்லையா?"

"பார்க்கலை."

"அப்ப எழுதுங்க."

நீர்நாய் இல்லை என்று எழுதினேன். இரண்டே இரண்டு சொல். அவள் குனிந்து தன் நோட்டையும் நான் எழுதியதையும் ஒத்துப் பார்த்தாள், இரண்டு முறை. பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த வரியின் ஓரத்தில் 'சரி' என்று எழுதி, கீழே சின்னதாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

இருபது வருடத்தில் எத்தனையோ ஆயிரம் தராசுகளுக்கு நான் முத்திரை வைத்திருக்கிறேன். எனக்கு ஒருவர் வைத்தது அன்றைக்குத்தான். அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நான் நின்றபோது, பதினொன்றேகால் ஆச்சு, கிளம்புங்க என்று மனைவி வெளியிலிருந்து குரல் கொடுத்தாள்.